குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பழமும் காய்கறியும் எட்டும் விலையில் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

குறைந்த வருமானத்தில் வாழும் குடும்பங்கள் பழமும் காய்கறியும் போதிய அளவு வாங்க வேண்டுமானால், அரசு உச்சவரம்பு விலை நிர்ணயித்தால் போதாதா, அல்லது அவர்கள் வசிக்கும் பகுதிகளில் புதிய கடைகளைத் திறப்பதுதான் வழியா என்பது கேள்வி. இரண்டு யோசனைகளும் நல்ல நோக்கத்தில் எழுபவை. ஆனால் தனித்து நின்றால் இரண்டுமே ஏமாற்றத்தில் முடியும் என்பது என் கருத்து. ஒரு குடும்பம் காய்கறிக்குக் கொடுக்கும் விலை, தராசில் நிறுத்தபின் கடைக்காரர் சொல்லும் தொகையோடு முடிந்துவிடுவதில்லை. வாங்கியது வாடிப்போகலாம், சமைத்ததைக் குழந்தை ஒதுக்கிவிடலாம், எரிபொருளும் நேரமும் கூடுதலாகச் செலவாகும். இந்த நட்டங்களின் பயம் அனைத்தும் அந்த விலையின்மேல் ஏறி நிற்கிறது. ஆகவே, விவசாயிக்குச் சேர வேண்டியதில் கை வைக்காமல், வயலிலிருந்து கடைவரை வழியில் நேரும் இழப்பையும், கடையிலிருந்து தட்டுவரை குடும்பத்தின் தலையில் விழும் நட்டத்தையும் குறைப்பதே சரியான பாதை என்று நினைக்கிறேன்.

முதலில் தேவையின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 10 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரும் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் காய்கறியும் உண்ண வேண்டும். 6 முதல் 9 வயதுவரை 350 கிராமும், 2 முதல் 5 வயதுவரை 250 கிராமும் தேவை. உருளைக்கிழங்கு போன்ற மாவுச்சத்து மிகுந்த கிழங்குகள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. பெற்றோர் இருவரும், 7 வயதிலும் 4 வயதிலும் இரண்டு குழந்தைகளும் உள்ள ஒரு வீட்டுக்கு இது நாளுக்கு 1,400 கிராம், வாரத்துக்கு 9.8 கிலோ, 30 நாள் மாதத்துக்கு 42 கிலோ ஆகிறது. தோலும் கொட்டையும் காம்பும் நீக்கியபின் எஞ்சும், உண்ணத்தக்க பகுதியின் எடை இது என்பதால், வாங்கிச் சுமக்க வேண்டிய அளவு இன்னும் கூடும். அறிவுரையாகக் கேட்கும்போது சிறியதாகத் தோன்றும் ஒன்று, மாதக் கணக்கில் எழுதும்போது எவ்வளவு பெரிய செலவு என்பதை அறிவுரை சொல்பவர்கள் ஒருமுறையேனும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

அந்தச் செலவு வருமானத்தில் எவ்வளவு பங்கு என்பதற்கு ஒரு பெரிய ஆய்வு தெளிவான விடை தந்தது. 18 நாடுகளில் திரட்டிய தரவைக்கொண்டு 2016இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான அந்த ஆய்வு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 பங்கு பழமும் 3 பங்கு காய்கறியும் (ஒரு தடவை உண்ணும் அளவே ஒரு பங்கு) வாங்க ஆகும் செலவை வருமானத்தோடு ஒப்பிட்டது. குறைந்த வருமான நாடுகளில் அது வருமானத்தில் சுமார் 52 சதவீதம். உயர் வருமான நாடுகளிலோ 2 சதவீதத்துக்கும் குறைவு. உயர் வருமான நாடுகளின் சராசரிக்குள்ளும் ஏழைக் குடும்பங்கள் மறைந்திருக்கின்றன என்பதையும், அவர்களுடைய நிலை அந்தச் சராசரியைவிட வெகுவாக மோசம் என்பதையும் சேர்த்தே இதை வாசிக்க வேண்டும். சத்தான உணவைப் பற்றி மக்களுக்குத் தெரியவில்லை, அதனால்தான் உண்பதில்லை என்று சொல்லும் எவரும் இந்த எண்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

ஏழைக் குடும்பம் பணத்தை எப்படி எடை போடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் எந்தத் திட்டமும் தீட்ட முடியாது. பசியை அடக்குவதே அங்கு முதல் கணக்கு. 100 கிராம் உலர் தானியத்தில் சுமார் 350 கலோரி இருக்கிறது. 100 கிராம் முட்டைக்கோஸில் 25 கலோரி அளவுதான் இருக்கிறது, ஏனெனில் காய்கறிகளின் எடையில் பெரும்பகுதி நீர். அந்த 350 கலோரியை முட்டைக்கோஸிலிருந்து பெற 1.4 கிலோ வேண்டும். வைட்டமின், தாது உப்பு, நார்ச்சத்து ஆகியவற்றின் அடிப்படையில் பார்த்தால் காய்கறி மிக நல்ல கொள்முதல்தான். ஆனால் மாதக் கடைசியில் கையில் இருக்கும் காசு வயிற்றை நிரப்புமா என்று யோசிக்கும் தாய்க்கு, தானியமும் எண்ணெயும் சர்க்கரையும்தான் முதலில் கண்ணில் படும். இதை அறியாமை என்று சொல்வது நியாயமாகாது. கையிலிருக்கும் காசுக்குள் அவர் போடும் கணக்கு சரியான கணக்கு.

அடுத்தது வீணாகும் அச்சம். விலையைப் பற்றிய விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், நான் மிக முக்கியமானதாகக் கருதுவதும் இதுதான். குழந்தைகள் ஒரு புதிய காய்கறியைப் பார்த்தவுடன் விரும்பி உண்பதில்லை. 8 முதல் 15 முறைவரை கொடுத்துப் பார்த்த பிறகே பல குழந்தைகள் அதை ஏற்கிறார்கள் என்று ஊட்டச்சத்து ஆய்வுகள் கூறுகின்றன. வசதியுள்ள வீட்டில் அந்தப் பத்து முறையும் குப்பைக்குப் போகும் உணவு ஒரு பொருட்டல்ல. சமூகவியலாளர் கெய்ட்லின் டேனியல், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் வெவ்வேறு வருமானமுள்ள பெற்றோரிடம் பேசியும் அவர்கள் பொருள் வாங்குவதைக் கூடவே இருந்து கவனித்தும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த வருமானப் பெற்றோர் குழந்தை ஒதுக்கிவிடுமோ என்ற அச்சத்தினாலேயே புதியவற்றை வாங்காமல், அது நிச்சயமாக உண்ணும் என்று தெரிந்ததையே திரும்பத் திரும்ப வாங்குவதைக் காட்டினார். உண்ணப்படாத உணவுக்கு மாற்று உணவு வாங்கக் காசு இல்லாத வீட்டில், சுவையைப் பழக்குவதே ஒரு செலவு. அந்தச் செலவைக் குடும்பத்தின் தோளிலிருந்து யார் இறக்கி வைப்பது என்பதுதான் திட்டமிடுபவர்களின் முன்னே உள்ள கேள்வி.

இதோடு வீட்டு நிலையும் சேர்ந்துகொள்கிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும், இருந்தும் மின்சாரம் நிலையாக வராத வீட்டிலும் கீரை வகைகள் மறுநாளே வாடிவிடும். அன்றாடக் கூலி பெறுபவர் அன்றன்றைக்கு வாங்குவதால், மொத்தமாக வாங்கினால் கிடைக்கும் மலிவு அவருக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை. இரண்டு வேலை பார்த்து இரவில் வீடு திரும்புகிறவருக்குக் காய் நறுக்கிச் சமைக்கும் ஒரு மணி நேரமும் விலையுள்ளதே. இவை அனைத்தையும் கூட்டினால், ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்கிய ஒரே காய்கறி, ஏழை வீட்டில் வசதியான வீட்டைவிட அதிக விலைக்கு உண்ணப்படுகிறது என்பது விளங்கும்.

இப்போது உச்சவரம்பு விலைக்கு வருவோம். தட்டுப்பாடு ஏற்படும் சில வாரங்களில், பதுக்கல் நடப்பதற்குச் சான்று இருக்கும்போது, அரசு தலையிடுவதில் நியாயம் உண்டு. ஆனால் நிரந்தர விலைக்கட்டுப்பாடு அழுகும் பொருளுக்குப் பொருந்தாது. கிடங்கில் மாதக்கணக்கில் இருப்பு வைத்து விலையைத் தாங்கிப் பிடிக்கத் தானியத்தில் முடியும், தக்காளியில் முடியாது. கடைக்காரரின் விலைக்கு வரம்பு விதித்தால், அவர் அதே அழுத்தத்தை மொத்த வியாபாரியிடமும், மொத்த வியாபாரி அதை விவசாயியிடமும் தள்ளிவிடுவார், கடைசியில் விவசாயி அடுத்த பருவத்தில் வேறு பயிருக்கு மாறுவார், வரத்து குறையும், விலை முன்பைவிட உயரும். காய்கறி பயிரிடும் சிறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் பெரும்பாலும் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே. ஒரு ஏழையின் தட்டில் காய்கறி வைக்க இன்னொரு ஏழையின் வருமானத்தை எடுப்பதை என்னால் தீர்வு என்று ஏற்க முடியவில்லை.

அப்படியானால் விலையில் குறைக்கத்தக்க பகுதி எது? இதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு வியாபாரி 10 கிலோ சரக்கு வாங்குகிறார், அதில் 3 கிலோ அழுகியும் வாடியும் விற்காமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோவுக்குப் போட்ட முதலை எஞ்சிய 7 கிலோவில் எடுக்க வேண்டும். லாபம் என்று ஒரு காசும் சேர்ப்பதற்கு முன்பே விலை 43 சதவீதம் ஏறிவிடுகிறது. அந்த இழப்பை 1 கிலோவாகக் குறைத்தால் ஏற்றம் 11 சதவீதமாகிறது. விவசாயிக்குக் கொடுத்ததில் எதையும் குறைக்காமலேயே, விற்பனை விலையை 22 சதவீதம் இறக்குவதற்கு அங்கே இடம் இருக்கிறது. இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல என்பதை உலக அளவிலான மதிப்பீடுகள் காட்டுகின்றன. அறுவடைக்குப் பிறகு, சில்லறைக் கடைக்கு வருவதற்கு முன்பே, பழம் மற்றும் காய்கறிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இழக்கப்படுகிறது என்று ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2019இல் மதிப்பிட்டது. கடையிலும் வீட்டிலும் வீணாவது இதற்கு மேல்.

இழப்பைக் குறைப்பது என்றதும் பலரும் பெரிய குளிர்பதனக் கிடங்கையே நினைக்கிறார்கள். அதற்கு முன் செய்யத்தக்கவை ஏராளம். அறுவடையான காயும் பழமும் உயிருள்ளவை, அவை சுவாசிக்கின்றன. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அவை கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. ஆகவே விடியற்காலையில் பறிப்பது, பறித்ததை உடனே நிழலுக்குக் கொண்டுபோவது, சாக்கிலோ ஆழமான கூடையிலோ அமுக்கி அடைக்காமல் காற்றுப் புகும் பிளாஸ்டிக் பெட்டிகளில் அடுக்குவது, லாரியில் கூரை போடுவது ஆகிய எளிய செயல்களே சரக்கின் ஆயுளைக் கணிசமாக நீட்டும். அதேசமயம் எல்லாவற்றையும் ஒரே குளிரில் வைப்பதும் தவறு. வாழைப்பழமும் தக்காளியும் ஏறக்குறைய 12 டிகிரிக்குக் கீழே வைத்தால் குளிர்ப் பாதிப்புக்கு உள்ளாகிச் சுவையும் நிறமும் கெடும்.

நைஜீரியாவிலிருந்து இதற்கு இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. ஆசிரியராக இருந்த முகமது பா அப்பா, ஒரு மண்பானைக்குள் இன்னொரு பானையை வைத்து, இடையில் ஈர மணலை நிரப்பி, நீர் ஆவியாகும்போது உள்ளே ஏற்படும் குளிர்ச்சியில் காய்கறியைப் பாதுகாக்கும் முறையை 1990களில் பரப்பினார்; மூன்று நாளில் கெட்டுவிடும் கத்தரிக்காய் அதில் 27 நாட்கள்வரை தாங்கியதாகப் பதிவாகியிருக்கிறது. வறண்ட காற்றுள்ள இடத்தில்தான் இது நன்றாகப் பயன்படும். ஈரப்பதம் மிகுந்த கடலோரப் பகுதியில் நீர் எளிதில் ஆவியாகாது என்பதால் பலன் குறைவு. அதே நாட்டில் கோல்ட்ஹப்ஸ் என்ற நிறுவனம் சூரிய மின்சாரத்தில் இயங்கும் குளிர் அறைகளைச் சந்தைகளிலேயே நிறுவி, பெட்டி ஒன்றுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறது. சிறு வியாபாரி முதலீடு எதுவும் போடாமல், தேவைப்படும் அன்றைக்கு மட்டும் பணம் கொடுத்து மிச்சச் சரக்கை மறுநாளுக்கு வைத்துக்கொள்ள முடிவதுதான் இந்த ஏற்பாட்டின் சிறப்பு. சிறு வியாபாரியின் இழப்புக் குறையும்போதெல்லாம் அது வாங்குபவருக்கு விலைக் குறைவாக வந்துசேர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அருகருகே பல வியாபாரிகள் போட்டியிட்டு விற்கும் இடத்தில்தான் அது நடக்கும். ஒரே வியாபாரி இருக்கும் இடத்தில் மிச்சம் அவருடைய பையிலேயே தங்கிவிடும்.

புதிய கடைகளைப் பொறுத்தவரை சான்றுகள் நம்மை நிதானிக்கச் சொல்கின்றன. காய்கறிக் கடைகளே இல்லாத பகுதிகளைப் பற்றி அமெரிக்காவில் நீண்ட காலம் பேசப்பட்டது. ஹன்ட் ஆல்காட் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைகளுக்கும் பணக்காரர்களுக்கும் ஒரே கடைகளும் ஒரே விலைகளும் கிடைத்தால்கூட, உணவின் சத்து வேறுபாட்டில் ஏறக்குறைய 10 சதவீதம்தான் குறையும் என்று தெரியவந்தது. பெரிய கடை வந்த பகுதிகளில், மக்கள் முன்பு தொலைவில் வாங்கியதையே இப்போது அருகில் வாங்கினார்கள். பயணச் செலவு குறைந்தது நல்லதே. தட்டில் இருப்பது மாறவில்லை. இந்த ஆய்வை ஏழைகள் காய்கறியை விரும்புவதில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறவர்களும் உண்டு. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. விருப்பம் என்பதே பல ஆண்டுக் கட்டாயத்தில் உருவான பழக்கம். மேலே சொன்ன வீணாகும் அச்சமும் நேரமின்மையும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. கடையைத் திறப்பதால் மட்டும் அவை கரைந்துவிடா.

கட்டடம் எழுப்பிக் கடை திறப்பதைவிட, ஏற்கெனவே மக்கள் நடமாடும் இடத்துக்குச் சரக்கைக் கொண்டுவரும் சிறு வியாபாரிகளுக்கு வழிவிடுவது பெரும்பாலும் மலிவும் விரைவுமான ஏற்பாடு. நியூயார்க் நகரம் 2008இல், பழமும் காய்கறியும் குறைவாக உண்ணப்படும் பகுதிகளில் மட்டும் விற்பதற்கென, முழுப் பழமும் காயும் மட்டுமே விற்கும் தள்ளுவண்டிகளுக்கு 1,000 புதிய உரிமங்கள்வரை வழங்கச் சட்டம் இயற்றியது. தெரு வியாபாரிகளை அப்புறப்படுத்துவதையே தூய்மை என்று கருதும் நகர நிர்வாகங்கள், அந்த வியாபாரிகளை விரட்டும் ஒவ்வொரு முறையும் ஏழைகளின் காய்கறி விலையை ஏற்றுகின்றன. உரிமமும், நிலையான இடமும், குடிநீரும், நிழலும், காலையில் சரக்கெடுக்க நியாயமான வட்டியில் சிறு கடனும் கிடைத்தால், அவர்கள் விற்கும் விலை இறங்குவதற்கு இடமுண்டு.

இந்த வகையில் நான் மிகவும் மதிக்கும் முயற்சி பிரேசில் நாட்டின் பெலோ ஒரிசோன்டே நகரத்தினுடையது. 1993இல், மேயர் பட்ருஸ் அனனியாஸ் காலத்தில், உணவு குடிமக்களின் உரிமை என்று அறிவித்து, அதற்கெனத் தனித் துறையையே நகர நிர்வாகம் ஏற்படுத்தியது. நல்ல வியாபாரம் நடக்கும் பொது இடங்களைத் தனியார் வியாபாரிகளுக்கு நகரம் ஒதுக்கிக் கொடுத்தது. பதிலுக்கு அவர்கள் ஏறத்தாழ 20 அடிப்படைப் பொருட்களை நகரம் குறிக்கும் குறைந்த விலையில் விற்க வேண்டும், வார இறுதியில் விளிம்பிலுள்ள ஏழைப் பகுதிகளுக்கும் சென்று விற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மற்ற பொருட்களை அவர்கள் தம் விருப்ப விலைக்கு விற்கலாம். சிறு விவசாயிகள் இடைத்தரகர் இன்றி நகரத்துக்குள்ளேயே நேரடியாக விற்கவும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. இங்கும் விலைக்கு வரம்பு உண்டு. ஆனால் அந்த வரம்புக்கு ஈடாக வியாபாரிக்கு மதிப்புள்ள இடம் தரப்பட்டதால், அழுத்தம் விவசாயியின்மேல் இறங்கவில்லை. வெறும் ஆணையாக வரும் விலைக்கட்டுப்பாட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

வழங்கும் பக்கத்தில் எவ்வளவு செய்தாலும், வாங்கும் சக்தி இல்லாத வீட்டுக்குக் காய்கறி போய்ச்சேராது. ஆகவே குடும்பத்தின் கையில் காய்கறிக்கென்றே கூடுதல் பணத்தைச் சேர்ப்பது தவிர்க்க முடியாத பகுதி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்டன் மாவட்டத்தில் 2011 இறுதியிலிருந்து 2012 இறுதிவரை நடந்த சோதனை இதற்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்று. அரசின் உணவு உதவி பெற்றுவந்த சுமார் 55,000 குடும்பங்களில் 7,500 குடும்பங்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவை பழம், காய்கறிக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் அவர்களுடைய உதவி அட்டையிலேயே திரும்பி வரவு வைக்கப்பட்டது. திட்டத்தில் இருந்த பெரியவர்கள், திட்டத்தில் இல்லாதவர்களைவிட 26 சதவீதம் அதிகமாகப் பழமும் காய்கறியும் உண்டார்கள். பிரசாரமோ வகுப்போ இல்லாமல், விலை மாற்றத்தினால் மட்டும் வந்த மாற்றம் இது. அளவில் அது நாளொன்றுக்குக் கால் கோப்பை மட்டுமே என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 30 சதவீதத் தள்ளுபடி உதவும், ஆனால் இடைவெளியை முழுதாக அடைக்காது.

இத்தகைய உதவிகள் எப்படி வடிவமைக்கப்படுகின்றன என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. தள்ளுபடி, பணம் கட்டும் இடத்திலேயே, அந்த நொடியிலேயே கழிய வேண்டும். படிவம் நிரப்பி அடுத்த மாதம் திரும்பப் பெறும் சலுகை, அடுத்த மாதம்வரை காத்திருக்க முடியாதவருக்குச் சலுகையே அல்ல. அதை ஏற்கும் கடை அந்தக் குடும்பம் வழக்கமாகப் போகும் கடையாக இருக்க வேண்டும். வாரம் ஒருநாள், வேலை நேரத்தில் மட்டும் கூடும் விவசாயிகள் சந்தையில் மட்டுமே செல்லும் கூப்பன், விவசாயிக்கு உதவலாம். ஏழைத் தொழிலாளிக்கு எட்டாது. தனி நிறத்தில் காகிதச் சீட்டைக் கொடுத்து வரிசையில் நிற்பவர்கள் பார்க்கும்படி நீட்டச் செய்வது மனிதரைச் சிறுமைப்படுத்தும்; அந்தக் கூச்சத்துக்காகவே சீட்டைப் பயன்படுத்தாமல் விடுபவர்கள் இருப்பார்கள். சாதாரண வங்கி அட்டை போன்ற ஒன்றே தகும்.

மற்றொன்று, உதவித் தொகையின் மதிப்பு. பிரிட்டனில் கர்ப்பிணிகளுக்கும் 4 வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கும் பால், பழம், காய்கறி வாங்க வழங்கப்படும் ஹெல்தி ஸ்டார்ட் உதவி, 2009இலிருந்து 2021வரை வாரத்துக்கு 3.10 பவுண்டாகவே இருந்தது; பிறகே 4.25 பவுண்டாக உயர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் விலைவாசி உயர உயர, அதே சீட்டு வாங்கித் தந்த பழத்தின் அளவு யாரும் ஆணையிடாமலேயே சுருங்கிக்கொண்டே வந்தது. உதவித் தொகை விலைக் குறியீட்டோடு தானாக உயரும்படி சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அதே பிரிட்டன் திட்டத்தில் பாராட்டத்தக்க ஓர் அம்சமும் உண்டு: உறைந்த காய்கறியையும் டப்பாவில் அடைத்ததையும் அதில் வாங்கலாம். பறித்த உடனே உறைய வைக்கப்பட்ட பட்டாணி, பல நாள் பயணித்துக் கடையில் வாடிய காய்க்குச் சத்தில் குறைந்ததல்ல. தேவையான அளவு மட்டும் எடுத்துச் சமைக்கலாம் என்பதால் வீணாவதும் குறைவு. புதியது மட்டுமே உயர்ந்தது என்ற எண்ணம் ஏழைகளின் பணத்தை வீணடிக்கிறது. உப்பும் சர்க்கரையும் சேர்க்காதவை என்றால் இவற்றைத் தயங்காமல் திட்டத்தில் சேர்க்கலாம்.

ரொக்கமாகவே கொடுத்தால் என்ன என்ற கேள்வியும் நியாயமானது. தானியத்துக்கும் வாடகைக்குமே போதாத வீட்டுக்கு ரொக்கம்தான் முதலில் வேண்டும். அவர்களிடம் காய்கறிச் சீட்டைக் கொடுத்துவிட்டு, அதை அவர்கள் பாதி விலைக்கு விற்றுவிட்டார்கள் என்று குறைசொல்வது முறையல்ல. அடிப்படைத் தேவைகள் ஓரளவு நிறைவேறிய, ஆனால் காய்கறியைத் தள்ளிப்போடும் வீடுகளில்தான் குறிப்பிட்ட பொருளுக்கான உதவி நன்றாக வேலை செய்கிறது. செலவுக்கு நிதி எங்கே என்பதற்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரம் ஒரு வழி காட்டியது: 2018 ஜனவரியில் தொடங்கிய இனிப்புப் பான வரியின் வருவாயில் ஒரு பகுதி, குறைந்த வருமானக் குடும்பங்கள் பழமும் காய்கறியும் வாங்கும் திட்டத்துக்குச் செல்கிறது. இனிப்புப் பானம் குடிப்பது குறையக் குறைய வருவாயும் குறையும் என்பதால் அதை மட்டுமே நம்பக் கூடாது. காய்கறிமீதான விற்பனை வரியைக் குறைப்பதும் ஓரளவு உதவும். லாட்வியா 2018இல் தன் மண்ணில் வழக்கமாக விளையும் பழம், காய்கறிகளுக்கு 21 சதவீத வரியை 5 சதவீதமாக்கியது. ஆனால் அதிகம் வாங்குபவருக்கே அதிகம் மிச்சமாகும் சலுகை அது. வரியே கட்டாத தள்ளுவண்டியில் வாங்குபவருக்கு அதனால் எதுவும் கிடைக்காது.

குழந்தை ஒதுக்கிவிடுமோ என்ற அச்சத்தைப் பற்றி முன்பு கேட்ட கேள்விக்குப் பள்ளிக்கூடம்தான் மிகச் சிறந்த விடை. புதிய காய்கறியைப் பத்து முறை கொடுத்துப் பார்க்கும் செலவைப் பொதுப்பணம் ஏற்றுக்கொண்டால், பழகிய பிறகு அதை வீட்டில் வாங்கத் தாய் தயங்கமாட்டார். நார்வே 2007இலிருந்து 2014வரை உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளியில் இலவசமாகப் பழமோ காய்கறியோ கொடுத்தது. பெற்றோர் சந்தா கட்டிப் பெறும் திட்டம் பழத்தை அதிகம் தேவைப்படாதவர்களிடமே கொண்டுசேர்க்கும். எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தால் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள். பிரேசில் இதிலும் ஒரு படி மேலே போய், பள்ளி உணவுக்கான தேசிய நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடமிருந்து நேரடியாகக் கொள்முதல் செய்யச் செலவிட வேண்டும் என்று 2009இல் சட்டமே இயற்றியது. இவ்வளவு காய்கறி இத்தனை மாதங்களுக்கு நிச்சயமாக வாங்கப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தால், சிறு விவசாயி துணிந்து பயிரிடுவார், வரத்து நிலையாகும், பருவம் தவறும்போது விலை ஏறும் வேகம் தணியும்.

வீட்டுத் தோட்டம், கோணலான காய்களைக் குறைந்த விலைக்கு விற்பது, மிஞ்சியதை உணவு வங்கிக்குக் கொடுப்பது ஆகியவற்றைச் சுருக்கமாகவே குறிப்பிடுகிறேன். மூன்றும் நல்லவை, மூன்றும் அளவில் சிறியவை. தோட்டத்துக்கு நிலமும் நீரும், பெரும்பாலும் ஏற்கெனவே வேலை மிகுந்த பெண்களின் நேரமும் வேண்டும். மிஞ்சியது என்றைக்கு, எந்தக் காய், எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பி ஒரு குடும்பம் வாரச் சமையலைத் திட்டமிட முடியாது.

பெரிய நிதி இல்லாத ஒரு பகுதி அமைப்போ உள்ளாட்சி உறுப்பினரோ எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், அந்தப் பகுதியில் காய்கறி விற்கும் சிறு வியாபாரிகளோடு ஒரு வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து, காலையில் எடுத்த சரக்கில் எவ்வளவு விற்றது, எவ்வளவு எறியப்படுகிறது, எது முதலில் கெடுகிறது என்று எடைபோட்டு எழுதிக்கொள்ளச் சொல்வேன். அதே வாரத்தில், பத்துப் பதினைந்து வீடுகளில் எந்தக் காய் வாங்க ஆசைப்பட்டும் வாங்கவில்லை, காரணம் விலையா, கெட்டுவிடும் என்பதா, பிள்ளைகள் உண்ணமாட்டார்கள் என்பதா என்று கேட்டு எழுத வேண்டும். முதல் பட்டியலில் எறியப்படும் காயும் இரண்டாம் பட்டியலில் ஆசைப்பட்டும் வாங்காத காயும் பல நேரங்களில் ஒன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி இருந்தால், மாலை ஐந்து மணிக்குமேல் அந்தக் காய்க்கு மட்டும் பாதி விலையை அமைப்பு ஏற்றுக்கொள்வதிலிருந்து தொடங்கலாம். வியாபாரிக்கு முதல் திரும்பும், வேலை முடிந்து வருகிறவர் அன்றைய சமையலுக்கு வாங்கிப் போவார், செலவும் ஒரு சிறு அமைப்பு தாங்கும் அளவுக்குள் இருக்கும்.